கோயில் நகரத்தில் சுவிசேஷம் சொல்வது

காஞ்சிபுரத்துக்கு மதப் பிரசங்கம் புதிதல்ல. மணிமேகலை பௌத்த அறம் கேட்டுத் தவம் பூண்டதாகக் காப்பியம் சொல்லும் ஊர் இதுதான். 640-ஐ ஒட்டி இங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங் பௌத்த மடங்களையும் சமணர்களையும் பற்றி எழுதிவைத்தார். மகேந்திரவர்ம பல்லவன் தன் மத்தவிலாச நாடகத்தில் காபாலிகனையும் பௌத்தப் பிக்குவையும் இந்த ஊர்த் தெருவிலேயே மோதவிட்டான். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ராமாநுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், குருவோடு முரண்பட்டதும், பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியைத் தேடிப்போய் வணங்கியதும் இங்கேதான். அதே ராமாநுஜர் பின்னாளில் திருக்கோஷ்டியூரில், யாருக்கும் சொல்லக் கூடாது என்று கட்டளையிடப்பட்ட ரகசியப் பொருளை ஊரைக் கூட்டிச் சொன்னார் என்கிறது குருபரம்பரை. சொன்னால் நரகம் என்று தெரிந்தே சொன்னார். நரகம் தனக்கு, வீடுபேறு கேட்டவர்களுக்கு என்பது அவர் போட்ட கணக்கு.

ஆகவே, தான் நம்புவதை அடுத்தவரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு இந்த ஊர் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் கேட்டார்கள், சிலர் மாறினார்கள். மிஞ்சியிருப்பவை வேறு இரண்டு கேள்விகள். எப்படிச் சொல்வது? சொல்வதால் வரும் இழப்பை யார் சுமப்பது? கிறிஸ்தவச் சபைகளில் “தைரியமாய்ச் சாட்சி சொல்லுங்கள்” என்ற அறிவுரை ஞாயிறுதோறும் கேட்கிறது. அந்தத் தைரியத்தை உரத்த குரல், பெரிய ஒலிபெருக்கி, எதிர்ப்பைச் சட்டை செய்யாத போக்கு என்றே நம்மில் பலர் புரிந்துகொண்டிருக்கிறோம். காஞ்சிபுரத்தின் இரு நூற்றாண்டு அனுபவத்தைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொரு அளவுகோல் தெரிகிறது. சொல்கிறவர் எதிராளியின் பதிலுக்குத் தன்னை ஆளாக்கிக்கொள்கிறாரா? இழப்பில் தன் பங்கை ஏற்கிறாரா? துணிவு உண்டா இல்லையா என்பதை இந்த இரண்டையும் வைத்தே சொல்ல முடியும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். காஞ்சிபுரம் நகரத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மிஷன் பள்ளியும் மிஷன் ஆஸ்பத்திரியும் தலைமுறை தலைமுறையாக இருந்தும் நிலைமை இதுதான். இதற்குக் காரணம் மக்களின் கடின மனம் என்று பழைய மிஷன் அறிக்கைகள் எழுதின. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது புரியும். தறி வீட்டுக்குள் இருக்கிறது. வீடு உறவுக்காரர்களின் தெருவில் இருக்கிறது. பட்டும் ஜரிகையும் முன்பணமும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வருகின்றன. கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடவேண்டும். தறியில் இன்னொரு கை துணைக்கு வேண்டும், அந்தக் கை பெரும்பாலும் வீட்டாரில் ஒருவரின் கைதான். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது அக்கம்பக்கத்தார் வந்து பிடித்தால்தான் வேலை நடக்கும். அமாவாசைக்குத் தறி நிற்கும். திருவிழாவுக்குத் தெருவே நிற்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதே வட்டத்துக்குள். இந்த அமைப்புக்குள் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் அவர் இழப்பது குலதெய்வத்தை மட்டுமல்ல. நாளை காலையில் பாவின் மறுமுனையைப் பிடிக்க வரும் ஆளையும் இழக்கிறார். இது தெரியாமல் தெருமுனையில் நின்று “இன்றே தீர்மானம் எடுங்கள்” என்று அழைப்பவர், தான் ஒரு காசும் செலவழிக்காமல் அடுத்தவரை முழுச் சொத்தையும் வைக்கச் சொல்கிறார்.

கோயிலும் கைத்தொழிலும் இப்படிப் பின்னிக் கிடக்கும் ஊர் வேதாகமத்திலேயே ஒன்று உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் வரும் எபேசு. அர்த்தமி தேவிக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து பிழைத்த தட்டார்கள், பவுலின் பேச்சால் தொழில் போய்விடும் என்று கிளம்பி ஊரையே அரங்கத்தில் திரட்டிவிடுகிறார்கள். இந்தப் பகுதியை நம் பிரசங்கிகள் எதிர்ப்பின் உதாரணமாக எடுத்துப் பேசி முடித்துவிடுவார்கள். நான் நின்று பார்ப்பது அதன் கடைசிப் பகுதியை. கூட்டத்தை அமர்த்தும் நகர அதிகாரி கிறிஸ்தவர் அல்ல. அவர் வாயிலிருந்தே வருகிறது அந்தச் சான்று: இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, நம் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல. பவுல் அந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் திறன்னு என்பவரின் கல்விக்கூடத்தில் நாள்தோறும் வாதம் செய்திருக்கிறார். கைகளால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் கூடாரத் தொழிலாளி. தறிக்காரரின் கைவலியும் கூலிக் கவலையும் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் பிறகு, உங்கள் தேவியை இவர் திட்டினார் என்று சொல்ல ஓர் எதிரிக்கும் இடம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை ஊழியர்களுக்கு அந்த ஊர் நகராட்சித் தலைவர் இப்படியொரு சான்று தருவார் என்று நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் மண்ணில் புராட்டஸ்டண்ட் மிஷன் தொடங்கிய விதத்தில் இந்த எபேசு வழிக்கு ஒரு சாயல் இருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார், சுவடிகளைச் சேர்த்தார், ஒடுக்கப்பட்டவர்களுக்காக டேனிஷ் அதிகாரிகளோடு மோதிச் சிறைக்கும் போனார். இவை பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது, 1712 முதல் 1714 வரை அவரும் சக மிஷனரி கிரண்ட்லரும் தமிழ் இந்துக்களுக்குக் கேள்விகள் அனுப்பி, பதில் கடிதங்களைப் பெற்று, ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து ஜெர்மனியிலுள்ள ஹாலேக்கு அனுப்பியது. எங்கள் மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்கவில்லை என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. பதில்கள் கூசாமல் வந்தன. உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாடு தின்கிறார்கள், சுத்தம் இல்லை, உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், நடத்தை அப்படி இல்லை என்று எழுதினார்கள். தன் மீதான குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்த்து, தனக்குப் பணம் அனுப்பும் தலைமையிடத்துக்கு அனுப்புவது சிறிய காரியமல்ல. 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலே அச்சிட மறுத்தது. அது 1867-ல்தான் வெளிவந்தது. கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஊழியத்தின் பகுதி என்பதை ஏற்க ஐரோப்பாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த நூற்றாண்டில் வண்டி வேறு பாதையில் ஓடியது. அச்சுக்கூடங்கள் பெருகின, துண்டுப் பிரசுரங்கள் பெருகின, சாமிகளைக் கிண்டல் செய்வது பிரசங்கக் கலையாகவே ஆனது. அதற்குப் பதிலும் அதே வடிவத்தில் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847-ன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1854-ல் சைவ தூஷண பரிகாரம் என்ற நூலில், நீங்கள் எங்களிடம் இழிவு என்று சொல்பவை உங்கள் பழைய ஏற்பாட்டிலும் இருக்கின்றனவே என்று வசனம் வசனமாக எடுத்துக் காட்டினார். அந்த வாதத்துக்குத் தேவையான வேதாகமப் பயிற்சியை அவருக்குத் தந்தது மிஷன்தான். தமிழில் பொதுமக்களை நோக்கி மேடையில் நின்று பேசும் முறையே புராட்டஸ்டண்ட் பிரசங்கத்திலிருந்து கிளைத்தது என்று மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் ஒரு நூலில் வாதிட்டிருக்கிறார். அவர் இறந்த பிறகு 2021-ல் அது வெளிவந்தது. அவர் சொல்வது சரியென்றால், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்து மேடைத்தமிழை ஆட்சிக்கட்டில் வரை கொண்டுபோன அண்ணாவின் பேச்சுக்கும் அந்தத் தெருமுனைப் பிரசங்கத்துக்கும் தூரத்து உறவு உண்டு. சுவிசேஷம் சொன்னவர்கள் எதிர்பாராத அறுவடை அது.

காஞ்சிபுரத்துக்கு மிஷன் வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் தொடங்கிய பள்ளி, பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளைகளில் ஒன்றை 1830-களின் இறுதியில் காஞ்சிபுரத்தில் அமைத்தார்கள். ஆண்டர்சன் ஸ்கூல் என்று ஊரார் இன்றும் சொல்வது அதைத்தான். ஆண்டர்சன் துணிந்தவர், அதில் எனக்கு ஐயமில்லை. 1838-ல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவர்கள் சென்னைப் பள்ளியில் இருப்பது தெரிந்து, அவர்களை வெளியேற்றும்படி மேல்சாதிப் பெற்றோர் கேட்டார்கள். குறைந்தது தனி பெஞ்சிலாவது உட்கார வையுங்கள் என்றார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அவர் அசையவில்லை. இழந்தது அவருடைய பள்ளி, அவருடைய பெயர், அவருடைய உழைப்பு. இதை நான் கிறிஸ்தவத் துணிவு என்று தயங்காமல் சொல்வேன்.

1841-ல் நடந்ததைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியவில்லை. அந்த ஆண்டு ஜூனில் ராஜகோபால், வேங்கடராமையா என்ற இரண்டு மாணவர்கள் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்கள், சற்றுப் பின்னர் எத்திராஜுலுவும். பள்ளி ஏறக்குறையக் காலியானது. அந்த மூவரும் 1851-ல் போதகர்களாக அபிஷேகம் பெற்று வாழ்நாள் முழுதும் உறுதியாக நின்றார்கள். அவர்களுடைய விசுவாசம் யாரும் திணித்ததல்ல என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே போதும். ஆனாலும் வீட்டையும் தாயையும் ஒரே நாளில் இழந்தவர்கள் அந்த இளைஞர்கள், ஆசிரியர் அல்ல. முடிவெடுக்கும் வயது எது என்ற கேள்வி 1840-களில் சென்னை உச்ச நீதிமன்றம் வரை போனது. காஜுலு லட்சுமிநரசு செட்டி கிரசென்ட் என்ற பத்திரிகையைத் தொடங்கி மிஷனரிகளையும் அவர்களுக்குத் துணைபோன அதிகாரிகளையும் எதிர்த்தார். காஞ்சிக் கோயிலுக்குக் கட்டளைகள் வைத்த பச்சையப்ப முதலியாரின் அறப்பணத்தில் 1842-ல் பச்சையப்பன் கல்வி நிலையம் எழுந்ததற்கும் இந்தக் கொந்தளிப்பே சூழல். அண்ணா பின்னாளில் படித்தது அந்த அறக்கட்டளையின் பள்ளியிலும் கல்லூரியிலும்தான். ஆண்டர்சன் வழியில் வந்த வில்லியம் மில்லர் 1862-ல் அந்தச் சென்னைப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த பின், ஞானஸ்நான எண்ணிக்கையைக் கல்வியின் அளவுகோலாக வைக்க மறுத்தார். சுவிசேஷம் ஒரு சமூகத்தின் சிந்தனையில் மெல்ல ஊறட்டும் என்றார். மில்லர் கோழை, மிஷன் பணத்தில் இந்துக்களுக்குப் பட்டம் கொடுக்கிறார் என்று தாய்நாட்டிலேயே அவரை விமர்சித்தார்கள்.

அந்த விமர்சனத்துக்கு வரலாறு சொன்ன பதில் 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிடைத்தது. மதத்தைப் பின்பற்றவும் கைக்கொள்ளவும் “பரப்பவும்” உரிமை என்ற மூன்றாவது சொல்லை நீக்க வேண்டும் என்று ஒரிசாவின் லோகநாத மிஸ்ரா உள்ளிட்டோர் வாதிட்டார்கள். அதைக் காத்துப் பேசியவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி; வைணவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாணவர். பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் சபையில் சொன்னார். இன்று தெருவில் நின்று பிரசங்கிக்கும் ஊழியருக்கு அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் காப்பில், தம் வகுப்பறையில் நாவடக்கிப் பாடம் நடத்திய பேராசிரியர்களின் பங்கும் இருக்கிறது. எதிராளியின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்களால்தான் பேசும் உரிமை கிடைத்தது. அதைச் செலவழிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அந்த உரிமையின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் வரைந்தது. ஒருவர் தம் மதக் கொள்கைகளை விளக்கிப் பரப்பலாம். இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அவருக்கு இல்லை என்றது தீர்ப்பு. அந்தப் பிரிப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாறுவது கேட்பவரின் உரிமை. அந்த உரிமையை இந்தத் தீர்ப்பு போதிய வெளிச்சத்தில் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. மதமாற்றச் சடங்கு நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், மீறினால் சிறை என்றது. மாறியவர் பெண்ணோ பட்டியல் சமூகத்தவரோ என்றால் தண்டனை கூடும். பெண்களும் தலித்துகளும் தாமாக முடிவெடுக்கும் திறனற்றவர்கள் என்ற எண்ணம் அதன் வரிகளுக்குள்ளேயே இருந்தது. காஞ்சி சங்கர மடத்தின் ஜெயேந்திர சரஸ்வதி அதை வரவேற்றார். 2004 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற கையோடு, அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு மனிதர் ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சபை வரலாற்றுக்கு வெளியே அவரைத் தமிழர் அதிகம் அறியவில்லை. லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து சபையின் மிஷனரி. 1936-ல் சென்னைக்கு வந்தார். வந்த சில மாதங்களில் பஸ் விபத்தில் கால் நொறுங்கி, சிகிச்சைக்காக ஊர் திரும்பி, 1939-ல் காஞ்சிபுரத்தில் பொறுப்பேற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1938 டிசம்பரில், கிறிஸ்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் உலக மிஷன் மாநாடு நடந்திருந்தது. ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர், கிறிஸ்துவில் தேவன் வெளிப்பட்டதற்கும் மனித மதங்களுக்கும் இடையில் பாலம் இல்லை என்று எழுதியிருந்தார். சென்னைக் கிறிஸ்தவர்களான செஞ்சையாவும் சக்கரையும் அவர்கள் நண்பர்களும் அதை மறுத்துத் தனி நூலே கொண்டுவந்தார்கள். இந்து மரபை அறியாதவர் எங்களுக்கு இயேசுவை விளக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். உலகத் திருச்சபையின் மிகக் கூர்மையான சண்டை ஒன்று அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சியிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் நடந்து முடிந்திருந்த வேளையில்தான் நியூபிகின் காஞ்சியில் வேலையைத் தொடங்கினார்.

அவர் தமிழை நன்றாகக் கற்றார். கிராமங்களுக்குப் போனார், தெருவில் பிரசங்கித்தார். அதோடு ஒன்று செய்தார். வாரம் ஒரு மாலை காஞ்சி ராமகிருஷ்ண மடத்துக்குப் போய்த் துறவிகளோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படித்தார். ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதம், அடுத்த வாரம் யோவான் சுவிசேஷம். உபநிடதத்தை விளக்குவது அவர்கள், சுவிசேஷத்தை விளக்குவது இவர். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் சம ஆபத்து. சுவிசேஷத்தை வைப்பவர் கேள்விக்கு உட்பட வேண்டும், அடுத்த வாரம் மாணவராக உட்கார வேண்டும். மதமாற்றம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நூற்றாண்டு மிஷன் வரலாற்றில் இந்த ஊரின் மூளையோடு சுவிசேஷம் நேருக்கு நேர் பேசிய இடம் அந்தத் தரைதான் என்று நினைக்கிறேன்.

அங்கே நியூபிகினுக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது, அதைப் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப எழுதினார். மடத்தின் கூடத்தில் உலகின் பெரிய ஆன்மிகக் குருமார்களின் படங்கள் இருந்தன, இயேசுவின் படமும் அவற்றில் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அதன் முன்னால் பூஜை நடக்கும். கிறிஸ்தவ மிஷனரி என்ற முறையில் அவருக்கு அது இயேசுவை ஏற்றுக்கொண்டதாகப் படவில்லை. ஏற்கெனவே இருக்கும் உலகப் பார்வைக்குள் அவரைத் தொந்தரவில்லாத ஓர் இடத்தில் மாட்டிவைத்ததாகவே பட்டது. பல ஆண்டுகள் கழித்தே இன்னொன்றை உணர்ந்ததாகச் சொல்கிறார். இங்கிலாந்தில் தான் வளர்ந்த கிறிஸ்தவமும் இயேசுவை அப்படித்தான் மாட்டிவைத்திருந்தது. அங்கே சுவரின் பெயர் நவீனப் பகுத்தறிவு. காஞ்சித் துறவிகளோடு உட்கார்ந்திராவிட்டால் தன் வீட்டுச் சுவர் தனக்குத் தெரிந்திராது என்பது அவர் சொல்லாமல் சொன்னது. எதிராளியோடு உண்மையாகப் பேசுகிறவருக்கு நடப்பது இதுவே. அவருடைய விசுவாசம் குறைவதில்லை, அதில் ஒட்டியிருந்த அந்நியச் சரக்கு தெரியவருகிறது.

நியூபிகின் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது முப்பத்தேழு வயதில் மதுரை–ராமநாதபுரம் பேராயர் ஆனார். பின்னர் உலக மன்றங்களில் பணிசெய்து, 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்து இங்கிலாந்து திரும்பினார். எழுபது வயதில் பர்மிங்காம் நகரத்தின் ஓர் ஏழைப் பகுதியில் சிறிய சபையின் போதகர் பொறுப்பை ஏற்றார். இந்தியாவில் கண்ட எதிர்ப்பைவிட அங்கே சுவிசேஷத்தின் மீது இருந்த குளிர்ந்த அலட்சியம் கடினமாக இருந்தது என்று எழுதினார். அங்கிருந்து பிறந்தது அவருடைய 1989-ஆம் ஆண்டு நூல், ‘பன்மைச் சமுதாயத்தில் சுவிசேஷம்’ என்ற பொருள் தரும் தலைப்புடையது. அதில் அவர் தரும் ஒரு கவனிப்பு நம் ஊழியர் பயிற்சி ஒவ்வொன்றிலும் சொல்லித்தரப்பட வேண்டியது. அப்போஸ்தலர் நடபடிகளில் பெரும்பாலான பிரசங்கங்கள் யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகவே வருகின்றன. முதலில் சபையின் வாழ்க்கையில் விளங்காத ஏதோ ஒன்று தெரிகிறது, மக்கள் இது என்ன என்று கேட்கிறார்கள், பிறகு பேதுரு எழுந்து நிற்கிறார். கேள்வியே எழாத இடத்தில் பதிலை ஒலிபெருக்கியில் போடுவது வீண். அதற்காக வாயை மூடிக்கொண்டு சேவை மட்டும் செய்தால் போதும் என்றும் அவர் சொல்லவில்லை. கிறிஸ்துவே சத்தியம் என்பதை எந்த மேடையிலும் மறைக்கவில்லை. ஆனால் யார் இரட்சிக்கப்படுவார், யார் மாட்டார் என்று தீர்ப்பெழுத மறுத்தார். உறுதியும் அடக்கமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே எனக்குச் சாட்சி.

காஞ்சியைச் சுற்றிய சேரிகளின் கதை நகரத்தின் கதையிலிருந்து வேறு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுவிசேஷத்தைப் பெருமளவில் ஏற்றவர்கள் அங்கிருந்த மக்களே. 1891-ல் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலமின்மையையும் அடிமைத்தனத்தையும் விவரித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர் பக்கம் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் அதே காலத்தில் நிலத்துக்காக வாதாடினார்கள். 1892-ல் வந்த அரசாணைகளே இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதன் தொடக்கம். குடியிருக்கும் மனையிலிருந்தே மிராசுதாரர் எப்போது வேண்டுமானாலும் துரத்தலாம் என்றிருந்தவருக்கு, ஒருவர் வந்து உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்ததும் சுவிசேஷத்தின் பகுதியாகத்தான் கேட்டிருக்கும். இதைச் சோற்றுக்கு மதம் மாறியது என்று இழித்துச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. பசித்தவன் தன் பசியை அறிந்த கடவுளைத் தேடுவதில் என்ன இழிவு? மிஷன் பக்கத்தில் தவறே இல்லை என்று சொல்லவரவில்லை. பஞ்சக் காலத்துக் கஞ்சித் தொட்டியில் ஞானஸ்நான எண்ணிக்கையை நிரப்பி அறிக்கை எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் நிலம் கேட்டு நின்றவர்கள் தங்கள் மிராசுதார நண்பர்களையும் அதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் இழந்துதான் நின்றார்கள். அந்த நிலங்களை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

சேரிக் கிறிஸ்தவர் தம் விசுவாசத்துக்குக் கொடுக்கும் விலையை 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை நிர்ணயித்தது. கிறிஸ்தவர் ஆனவுடன் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்தக் கதவைத் திறந்தார்கள், கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஊரில் சாதி மாறுவதில்லை, சான்றிதழில் மட்டும் மாறுகிறது. அதனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் இன்னொரு பெயருமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வாழ்வைக் கடுமையாகவே கண்டித்தது. நகரத்து மேடைகளில் வசதியான பிரசங்கி, “மனுஷருக்கு முன்பாக அறிக்கை பண்ண ஏன் வெட்கப்படுகிறீர்கள்?” என்று இவர்களைப் பார்த்துக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. பிள்ளையின் கல்லூரி இடத்தைப் பணயம் வைக்கச் சொல்பவர், அந்த ஆணையை மாற்றக் கோரும் போராட்டத்தில் எத்தனை நாள் நின்றார்?

இன்றைய சூழலையும் சொல்ல வேண்டும். வாகனத்தை நிறுத்திக் கைப்பிரதி கொடுத்தவரைச் சூழ்ந்து வீடியோ எடுப்பதும், வீட்டு ஜெபத்தில் நுழைந்து மிரட்டுவதும் நாட்டின் பல பகுதிகளில் நடக்கின்றன. அங்கே நிற்பவர்களின் துணிவுக்கு முன்னால் கட்டுரை எழுதுபவர் அடங்கியே பேச வேண்டும். அதே கைபேசியில் வேறு வகை வீடியோக்களும் வருகின்றன. கோபுரத்தைப் பின்னணியில் வைத்து அடுத்தவரின் சாமியைப் பேய் என்று சொல்லி, பார்வை எண்ணிக்கையைச் சாட்சி என்று கணக்குக் காட்டுகிறவர்கள் அவற்றைப் போடுகிறார்கள். பேசியவர் பட்டணத்தில் பத்திரமாக இருக்கிறார். அடி விழுவது கிராமத்தில் பத்துக் குடும்பங்கள் கூடும் கூரைச் சபைக்கு. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கான், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2011-ல் ஓர் ஆவணம் வெளியிட்டன. பல சமயங்கள் வாழும் உலகில் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். வறுமையைப் பயன்படுத்தி ஈர்க்கக் கூடாது, வஞ்சகம் கூடாது, பிறர் சமயத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று அது வரையறுத்தது. பல தமிழ்ச் சபைகளில் அதை ஒருமுறைகூட வாசிக்கவில்லை. தமிழில் அதை அச்சிட்டு ஒவ்வொரு ஊழியர் கையிலும் கொடுப்பது ஒரு கன்வென்ஷன் பந்தல் செலவில் பாதிகூட ஆகாது.

சபையின் உள்ளே சொல்லவேண்டிய தைரியமும் ஒன்று இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நின்றது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல்களில் சாதிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது உறுப்பினர் யாவரும் அறிந்தது. பெஞ்சைப் பிரிக்க மறுத்து மாணவர்களை இழந்த ஆண்டர்சனின் பெயரை நாம் பள்ளிக்கு வைத்திருக்கிறோம். சேரியில் சுவிசேஷம் கேட்கும் இளைஞர், “உங்க கல்லறையில எங்களுக்கு எந்தப் பக்கம் இடம், ஐயா?” என்று கேட்டால் ஊழியர் மழுப்பக் கூடாது. எந்தச் சபையில் இன்னும் தனி இடம் இருக்கிறது என்று பெயரோடு ஒத்துக்கொள்ள வேண்டும். அதை மாற்ற அடுத்த திருமண்டலப் பேரவையில் தான் எழுந்து பேசப்போகும் தேதியையும் அவரிடம் சொல்ல வேண்டும்.